காற்று கூற்றாகாமல் காத்த கதை

காற்றின்றி உயிரில்லை. எனினும் அக்காற்றே தனக்குரிய வழியை விட்டு விலகி இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் கூற்றாகிவிடுகிறது. மூச்சோடு நுரையீரலுக்குச் சென்று, அங்கே இரத்தத்தில் கரைந்து, உடலெங்கும் பரவி உயிரை வளர்க்கும் காற்று ஒன்று; கரையாத குமிழியாகச் சிரைக்குள் நுழைந்து இருதயத்தை நோக்கி விரையும் காற்று மற்றொன்று. பொருள் ஒன்றே, வழி மாறியதால் விளைவும் மாறிவிடுகிறது.

இவ்வுண்மையை அறிஞர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1667-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடி, விலங்கின் சிரைக்குள் காற்றைச் செலுத்தினால் அது மடிந்துபோவதைக் கண்டு எழுதினார். 1670-இல் இங்கிலாந்தின் இராபர்ட் பாயில், காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் கலத்தினுள் ஒரு விரியன் பாம்பை அடைத்து வைத்து, அதன் கண்ணுக்குள் ஒரு குமிழி அசைந்தாடுவதைப் பார்த்தார். இரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும் பொருளுக்கு 'எம்போலஸ்' என்று 1848-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ப் விர்ஷோ. கிரேக்க மொழியில் அச்சொல் அடைப்பானையும் ஆப்பையும் குறிக்கும். உறைந்த இரத்தம் ஆப்பாகலாம், கொழுப்பு ஆப்பாகலாம், கண்ணுக்குப் புலப்படாத வாயுவும் ஆப்பாகலாம். இறுதியிற் கூறியதைத் தமிழில் 'வாயு அடைப்பு' எனலாம்.

இத்துணை அஞ்சத்தக்க வாயுவை மருத்துவர்களே தம் கையால் நோயாளியின் வயிற்றுக்குள் செலுத்துகின்றனர் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் இன்று இந்தியாவின் நகரங்களிலெல்லாம் நாள்தோறும் இது நடைபெறுகிறது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகளின் வழியே கருவிகளை நுழைத்துச் செய்யும் 'லாப்ராஸ்கோப்பி' அறுவைக்கு வாயுவே அடிப்படை. பித்தப்பைக் கல், குடல்வால் அழற்சி, கருப்பைக் கோளாறு, குடலிறக்கம் என்று எத்தனையோ நோய்களுக்கு இம்முறை வழக்கமாகிவிட்டது. ஆபத்தான வாயுவை அடக்கி ஏவல் கொள்ளும் இந்நிலையை மருத்துவ உலகம் எவ்வாறு எய்தியது, அந்த அடக்கம் எந்த இடங்களில் இன்னும் தளர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மும்பையில் வாழும் தமிழர்க்கு இவ்வரலாறு அயலார் கதையாகாது. அதன் இந்திய அத்தியாயம் தொடங்கியது இந்நகரின் பைக்குல்லாவில், ஏழை எளியோர் வந்து கூடும் ஓர் அரசு மருத்துவமனையில். அதனைச் சொல்லுமுன், வாயுவின் துணை ஏன் தேவைப்பட்டது என்பதைக் காண்போம்.

வயிற்றறை என்பது ஒரு வெற்றறை போன்ற சொல்லாயினும், உள்ளே வெற்றிடம் கிடையாது. குடலும் ஈரலும் இரைப்பையும் ஒன்றையொன்று ஒட்டி நெருங்கிக் கிடக்கின்றன. வயிற்றின் மேற்சுவர் அவற்றின்மீது படிந்திருக்கிறது. மடித்து வைத்த கூடாரத்துக்குள் விளக்கை நுழைத்தால் எதைக் காண முடியும்? கூடாரத்தை எழுப்பினால்தான் உள்ளே நடமாடலாம். அவ்வாறே, வாயுவைச் செலுத்தி வயிற்றுச் சுவரை மேலெழுப்பினால்தான் பார்வைக் குழாய்க்கும் கருவிகளுக்கும் இடம் கிடைக்கும்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் ஜார்ஜ் கெல்லிங் என்பவர் 1901-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹாம்பர்க் நகரில் கூடிய இயற்கை அறிஞர் மாநாட்டில், ஒரு நாயின் வயிற்றுக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பையை நோக்கப் பயன்பட்ட குழாயினால் உள்ளுறுப்புகளைக் காட்டினார். வயிற்றுக்குள் இரத்தம் பெருகும்போது, காற்றின் அழுத்தத்தினால் அப்பெருக்கைத் தடுக்கலாமோ என்பது அவர் ஆராய்ச்சியின் தொடக்கம். அவர் கருதிய அழுத்தம் இன்றைய வரம்பினும் மிக அதிகம். 1910-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் மனிதரிடத்தில் இம்முறையைக் கையாண்டு, 'லாப்ராஸ்கோப்பி' என்ற பெயரையும் வழங்கினார்.

இவர்கள் பயன்படுத்தியது நாம் மூச்சிழுக்கும் சாதாரணக் காற்றேயாகும். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது இரத்தத்தில் எளிதிற் கரையாது. எனவே காற்று ஒரு சிரைக்குள் நுழைந்துவிட்டால் குமிழி குமிழியாகவே நிற்கும். 1924-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் சோலிக்கோபர் என்பவர் காற்றுக்கு மாற்றாகக் கரியமில வாயுவைக் கையாளலாம் எனக் காட்டினார். அது உடலால் விரைவில் உறிஞ்சப்படும்; தீப்பற்றாது. இவ்விரு குணங்களே இன்றுவரை அவ்வாயுவுக்கு முதலிடம் தந்திருக்கின்றன.

கரியமில வாயு நமக்குப் புதிய பொருளன்று. மாட்டுங்காவின் உணவகத்தில் சோடாப் புட்டியைத் திறந்ததும் பொங்கி எழுவது அதுவே. செம்பூரை அடுத்த டிராம்பே உரத்தொழிற்சாலையில் அம்மோனியா செய்யும்போது உடன்விளைவாக வெளிவருவதும் அதுவே. நம் உடலின் ஒவ்வோர் அணுவும் ஓயாது அதனை உண்டாக்குகிறது. இரத்தம் அதனைச் சுமந்து சென்று நுரையீரலில் விடுகிறது. நாம் மூச்சாக வெளிவிடுகிறோம். ஆகவே இவ்வாயுவைச் சுமப்பது இரத்தத்துக்குப் பழகிய தொழில். பிராணவாயுவைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேலாகக் கரியமில வாயு இரத்தத்தில் கரையும். நைட்ரஜனோடு ஒப்பிட்டால் இந்த வேற்றுமை இன்னும் பெரிது. 1959-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நாயின் சிரையில் செலுத்தப்படும் கரியமில வாயு உயிரைப் பறிப்பதற்குக் காற்றின் அளவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தேவைப்பட்டது.

ஐந்து மடங்கு பாதுகாப்பு என்பது பெரும் பேறுதான்; ஆயினும் அது முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. கரையும் வேகத்தைவிட நுழையும் வேகம் மிகுந்தால் கரியமில வாயுவும் குமிழியாகும். அந்நிலை எவ்வாறு நேர்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பெரும்பாலும் இவ்விபத்து அறுவையின் தொடக்கத்திலேயே நிகழ்கிறது. வாயுவைச் செலுத்துவதற்காகக் கொப்பூழின் அருகே ஓர் ஊசி இறக்கப்படுகிறது. அது வயிற்றறையில் நில்லாமல் ஒரு சிரைக்குள்ளோ ஈரல் போன்ற இரத்தம் மிகுந்த உறுப்புக்குள்ளோ சென்று நின்றுவிட்டால், திறந்துவிட்ட வாயு நேரே இரத்த ஓட்டத்தில் பாயும். அரிதாக, அறுவையின் இடையிலும், குறிப்பாக ஈரலைப் பிளக்கும்போது, வெட்டுண்ட சிரையின் வாய் வழியே வாயு உறிஞ்சப்படலாம்.

உள்ளே சென்ற வாயு, பெருஞ்சிரையின் வழியாக இருதயத்தின் வலப்புறத்தை அடைகிறது. அங்கே அது செய்யும் தீங்கை நம் கிராமத்து உழவர் எளிதில் விளங்கிக்கொள்வர். கிணற்றில் உள்ள பம்பு செட்டின் குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டால் என்ன நேர்கிறது? யந்திரம் ஓடுகிறது, ஓசையும் கேட்கிறது, ஆனால் வாய்க்காலில் ஒரு சொட்டு நீர் விழுவதில்லை. நீரைத் தள்ளலாம்; காற்று அமுங்கி அமுங்கி மீளுமேயன்றி முன்னே செல்லாது. அவ்வாறே இருதயம் துடிக்கிறது. ஆனால் நுரையீரலுக்குச் செல்லவேண்டிய இரத்தம் செல்வதில்லை. சில நொடிகளில் இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூளைக்கும் இருதயத்துக்கும் உணவில்லாமற் போகிறது.

மற்றுமோர் அபாயமும் உண்டு. தாயின் வயிற்றில் குழவி இருக்கும்போது அதன் இருதயத்தின் வல, இட மேலறைகளுக்கிடையே ஒரு சிறு வாயில் திறந்திருக்கும். பிறந்தபின் அது மூடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அது முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. அன்றாட வாழ்வில் இதனால் இடர் ஏதும் தோன்றாது. ஆனால் வலப்புறத்தில் வாயு நிரம்பி அழுத்தம் ஏறும்போது, அக்குமிழிகள் அவ்வாயிலைத் தள்ளிக்கொண்டு இடப்புறம் சென்று, அங்கிருந்து மூளையின் தமனிகளை அடைத்துவிடக் கூடும்.

இவ்வளவு கூறியபின், அச்சத்தைத் தணிக்கும் செய்தியையும் கூறுதல் கடமை. 1997-இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பாய்வு, ஊசி வழியே வாயு செலுத்தித் தொடங்கிய 4,89,000-க்கு மேற்பட்ட லாப்ராஸ்கோப்பிகளை ஆராய்ந்தது. அவற்றில் வாயு அடைப்பு நேர்ந்தது ஏறத்தாழ நூறாயிரத்தில் ஒருவர்க்கே. ஆகவே இது மிக மிக அரிய விபத்து. எனினும் நேர்ந்துவிட்டால் உயிரையே வாங்கிவிடக் கூடியது. அரிதாயினும் கொடிதான ஓர் ஆபத்தை எதிர்கொள்ளும்போதுதான் ஒரு தொழிலின் ஒழுங்கு சோதனைக்குள்ளாகிறது.

அவ்வொழுங்கு எவ்வாறு படிப்படியாக உருவாயிற்று? முதற் படி, நாம் கண்டதுபோல், வாயுவைத் தெரிந்தெடுத்தது. இரண்டாவது படி, ஊசி. 1938-இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் யானோஷ் வெரஷ், காசநோயாளிகளின் மார்பறைக்குள் காற்றைச் செலுத்துவதற்காக ஒரு நூதன ஊசியைப் படைத்தார். தோலைத் துளைக்கும் கூர்முனைக்குள்ளே, வில்சுருளால் தாங்கப்பட்ட ஒரு மொட்டைத் தண்டு இருக்கும். கடினமான பகுதியைத் துளைக்கும்போது தண்டு பின்வாங்கும்; உள்ளறையை அடைந்ததும் 'கிளிக்' என்று முன்வந்து கூர்மையை மறைத்துக்கொள்ளும். காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் அப்பழைய சிகிச்சை மறைந்தது. ஊசி மட்டும் வயிற்றறை அறுவைக்குக் குடிபெயர்ந்து, இன்றளவும் படைத்தவர் பெயராலேயே வழங்குகிறது. ஊசியையே நம்ப விரும்பாதவர்க்கு மற்றொரு வழியும் பிறந்தது. 1971-இல் சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் ஹாசன், கொப்பூழருகே சிறிதாகத் திறந்து, கண்ணாற் கண்டபின் மொட்டைக் குழாயைச் செருகும் முறையை அறிவித்தார்.

மூன்றாவது படி, அளவு. பாரிஸ் நகரில் 1940-களில் பெண்களுக்கான லாப்ராஸ்கோப்பியை வளர்த்த ரவுல் பால்மர், வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து அறிதல் இன்றியமையாதது என்று வற்புறுத்தினார். ஜெர்மனியின் குர்ட் செம், 1960-களில், வாயுவைத் தானே அளந்து செலுத்தி, வரம்பை எட்டியதும் தானே நின்றுவிடும் கருவியை அமைத்தார். இன்று வழக்கமாக 12 முதல் 15 பாதரச மில்லிமீட்டர் வரை அழுத்தம் வைத்துக்கொள்கின்றனர். தொடக்கத்தில் வாயுவை மெல்லச் செலுத்துவதும், ஊசி உரிய இடத்தில் உள்ளதா என்று சோதித்த பிறகே வேகத்தைக் கூட்டுவதும் நெறியாயின. 1980 செப்டம்பர் 13 அன்று குடல்வாலை லாப்ராஸ்கோப்பி வழியே அகற்றியவரும் இந்தச் செம்மேயாவார். அதற்காகத் தம் நாட்டு அறுவை மருத்துவர்களின் கடுங்கண்டனத்துக்கு ஆளானார் என்பதும் வரலாறு.

நான்காவது படி, காவல். நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்திருக்கிறார். தம் துன்பத்தைச் சொல்ல அவருக்கு வாயில்லை. அவருடைய மூச்சே அவர்க்காகப் பேசவேண்டும். அவர் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை நொடிக்கு நொடி காட்டும் 'காப்னோகிராப்' என்னும் கருவி இதற்கு உதவுகிறது. நுரையீரலுக்கு இரத்தம் வரவில்லையெனில், அங்கே விடுவதற்குக் கரியமில வாயுவும் வராது. ஆகவே சீராக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரெனச் சரியும். வயிற்றுக்குள் அவ்வாயுவையே செலுத்திக்கொண்டிருக்க, மூச்சில் அது குறைந்துபோவதுதான் ஆபத்தின் அறிகுறி! பழைய காலத்து மருத்துவர் மார்பில் குழாயை வைத்து, நீர் இறைக்கும் ஆலைச் சக்கரத்தின் ஓசைபோன்ற ஒலியைக் கேட்டு அறிவர். அவ்வொலி கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். மூச்சின் கோடோ முன்னதாகவே எச்சரிக்கும்.

எச்சரிக்கை கிடைத்ததும் செய்யவேண்டியவை தெளிவானவை. வாயுவை உடனே நிறுத்துதல், வயிற்றில் உள்ளதை வெளியேற்றுதல், தூய பிராணவாயு கொடுத்தல், குமிழியைப் பெருக்கக்கூடிய நைட்ரஸ் ஆக்ஸைடு மயக்க வாயுவை விலக்குதல், தேவையாயின் மார்பை அழுத்தி இருதயத்தை இயக்குதல் என்பன அவை. நோயாளியை இடப்புறமாகத் திருப்பித் தலையைத் தாழ்த்தினால், குமிழி நுரையீரற் குழாயின் வாயிலை விட்டு விலகும் என்று 1947-இல் அமெரிக்க மருத்துவர் டியூரண்டும் அவர் துணைவரும் விளக்கினர். அந்நிலை இன்றும் அவர் பெயரால் கற்பிக்கப்படுகிறது. குமிழி மூளையை அடைந்தவிடத்து, உயரழுத்த அறைக்குள் பிராணவாயு கொடுப்பதும் உண்டு. கடலில் மூழ்கி எழும் வீரர்க்கு நேரும் குமிழி நோய்க்குச் செய்யும் சிகிச்சையும் இதுவேயாதலின், நம் மும்பையில் கொலாபாவிலுள்ள கடற்படையின் அசுவினி மருத்துவமனை இத்துறையில் அனுபவம் மிக்கது.

இனி மும்பையின் அத்தியாயத்துக்கு வருவோம். சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வள்ளலின் கொடையால் 1843-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1845-இல் திறக்கப்பட்டது ஜே. ஜே. மருத்துவமனை. அங்கே அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் டாக்டர் டெஹம்டன் எரச் உத்வாடியா. 1934-இல் பிறந்த இவரும் பார்சி குலத்தவரே. 1972-இல் இவர் லாப்ராஸ்கோப்பியை நோயறியும் கருவியாகக் கையிலெடுத்தார். வயிற்றின் உள்ளே நிகழ்வதைப் படம் பிடித்துக் காட்டும் இன்றைய யந்திரங்கள் அரசு மருத்துவமனைகளுக்கு அந்நாளில் வந்திருக்கவில்லை. காரணம் தெரியாமல் வயிறு வீங்கி வருபவர்க்கு இருப்பது காசநோயா, ஈரல் நோயா, புற்றுநோயா என்று தெளிவதற்குப் பெரிதாக வயிற்றைத் திறந்து பார்ப்பதொன்றே பல வேளைகளில் வழியாயிருந்தது. ஒரு சிறு துளை அதனைத் தீர்த்துவைத்தது. சக மருத்துவர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் உத்வாடியா கைவிடவில்லை.

இதற்கிடையே, 1985 செப்டம்பரில் ஜெர்மனியில் எரிக் மியூஹே, 1987-இல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே ஆகியோர் பித்தப்பையை இம்முறையில் அகற்றினர். சிறு காமிராவின் துணையால் உள்ளுறுப்புகள் திரையில் தெரியவே, அறுவைக்கூடத்தில் உள்ள அனைவரும் ஒரே காட்சியைக் கண்டு ஒன்றுபட்டுப் பணிசெய்ய முடிந்தது. 1990 மே 31 அன்று, அந்நாளில் பம்பாய் என வழங்கிய இந்நகரின் ஜே. ஜே. மருத்துவமனையில், உத்வாடியா இந்தியாவின் முதல் லாப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். செல்வர் செல்லும் தனியார் மாளிகையில் இம்முறை தொடங்கவில்லை. பொதுமக்களின் மருத்துவமனையில் தொடங்கிற்று என்பது எண்ணத்தக்கது.

இது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று அந்நாளில் குறை கூறியோர் உண்டு. உத்வாடியாவின் கருத்தோ இதற்கு நேர்மாறானது. வறியவர்க்கே இது மிகவும் தேவை என்று அவர் வாதித்தார். 1997-இல் வளரும் நாடுகளில் லாப்ராஸ்கோப்பி அறுவை பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவ்வாதத்தின் உண்மையைத் தாராவியில் வாழ்வோர் நன்கு உணர்வர். விடியுமுன் இட்டலிக் குண்டானைத் தலையில் சுமந்து புறப்படுபவர்க்கும், தோல் பதனிடும் தொழிலிலும் முறுக்குப் பிழியும் தொழிலிலும் நாட்கூலி பெறுபவர்க்கும் மாதச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு யார் தருவார்? வயிற்றைக் கிழித்துச் செய்யும் அறுவைக்குப்பின் பல வாரங்கள் சுமை தூக்கலாகாது. துளைவழி அறுவையில் ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஒன்றிரண்டு வாரங்களில் பணிக்குச் செல்வோர் பலர். புண் சிறிதானதால், சீழ்ப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு அது சிறிய நன்மையன்று.

விதை ஊன்றிய இடத்திலிருந்து கிளைகள் பரந்தன. 1993-இல் இத்துறை மருத்துவர்க்கென அகில இந்தியச் சங்கம் ஒன்று உத்வாடியாவைத் தலைவராகக் கொண்டு தோன்றிற்று. தமிழகத்தில், கோயம்புத்தூரில், டாக்டர் சி. பழனிவேலு 1990-களின் தொடக்கத்திலிருந்து இம்முறையை வளர்த்துப் பல நாட்டு மருத்துவர்க்கும் பயிற்சியளித்தார். உத்வாடியாவுக்கு அரசு 2006-இல் பத்மஸ்ரீயும் 2017-இல் பத்மபூஷணும் வழங்கியது. 2023 ஜனவரி 7 அன்று அவர் மறைந்தார்.

இப்படிக் கூறிவருகையில் வெற்றிக் கதையாகவே தோன்றும். ஆனால் வாயுவின் வரலாற்றில் ஒரு நிழற்பகுதியும் உண்டு. 1970-களிலிருந்து நம் நாட்டில் பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை, லாப்ராஸ்கோப்பி வழியே, முகாம்களில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் சிறு சுகாதார நிலையங்களிலும் ஒரே நாளில் பலர் வரிசையாகப் படுக்கவைக்கப்பட்டனர். 2014 நவம்பரில், ஒடிசா மாநிலம் அங்குல் மாவட்டத்தின் பனர்பால் முகாமில் 56 பெண்களுக்கு அறுவை செய்தபோது, வயிற்றை உப்பச்செய்வதற்கு மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு பயன்படுத்தப்பட்டது என்ற செய்தி வெளியாகி நாட்டைத் திடுக்கிடச் செய்தது.

அப்பெண்களில் எவரும் அதனால் மாண்டதாகச் செய்தி இல்லை. ஆயினும் அந்தப் பம்பின் வழியே உள்ளே சென்றது எது என்று எண்ணிப் பாருங்கள். கரியமில வாயுவின் கரையும் குணம் அதில் இல்லை. அழுத்தத்தை அளக்கும் முள் இல்லை. தூசியை வடிக்கும் வடிகட்டியும் இல்லை. 1901-இல் கெல்லிங் ஒரு நாய்க்குக் காற்றை வடிகட்டிச் செலுத்தினார். 113 ஆண்டுகளுக்குப்பின் நம் சகோதரிகளுக்கு அதுவும் கிட்டவில்லை! சோலிக்கோபரும் வெரஷும் பால்மரும் செம்மும் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏற்றிவைத்த படிகள் அனைத்தும் ஒரு நாளில் இறங்கப்பட்டன. விஞ்ஞானம் அறியாமையால் அது நேர்ந்ததாகக் கூற முடியாது. அறிந்த விஞ்ஞானம் ஏழையின் கட்டில்வரை சென்று சேரவில்லை. அதே மாதத்தில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், வேறு காரணங்களால், முகாம் அறுவைக்குப்பின் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடச் செய்யுமாறு அரசுக்குக் கட்டளையிட்டது.

கருவியும் வாயுவும் எட்டாத கிராமங்களுக்கு என் செய்வது என்ற வினாவுக்கு விடைதேடியவர்களும் உள்ளனர். வாயுவே இன்றி, வயிற்றுச் சுவரை ஒரு வளையக் கருவியால் மேலே தூக்கிப் பிடித்துச் செய்யும் முறை ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் வளர்ந்தது. அதனை நம் நாட்டின் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு ஏற்றவாறு பரப்பியவருள் டாக்டர் ஜே. ஞானராஜ் என்னும் அறுவை மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். வடகிழக்கு மாநிலங்களின் மலைப்பகுதிகளில் அவர் பணி சிறந்தது. இம்முறையில் வாயு செலுத்தப்படாததால், செலுத்திய வாயு சிரைக்குள் பாயும் அச்சம் அடியோடு நீங்குகிறது. பல வேளைகளில் முழு மயக்கமும் தேவைப்படாது. வாயு தரும் அளவு விரிந்த இடம் கிட்டாது என்பது அதன் குறை. எனினும், எளிய கருவி என்றால் பாதுகாப்பில்லாத கருவி என்று பொருளாகாது என்பதற்கு அது சான்று.

இறுதியாக, பிற மாநிலங்களில் வாழும் தமிழர் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. தாராவியிலிருந்து சயானில் உள்ள மாநகராட்சி மருத்துவமனைக்கோ, வேறெங்கோ செல்லும் நம்மவர், அறுவைக்குமுன் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுகின்றனர். அப்படிவம் மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படித்துப் பொருள் கேட்காமலே பெருவிரலை ஒற்றிவிடும் முதியோரும் உளர். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு லாப்ராஸ்கோப்பி பற்றிய வழக்கிலேயே எழுந்தது. நோயறிவதற்காகப் பெற்ற ஒப்புதலைக் கொண்டு, உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது, வேறு அறுவை செய்தல் கூடாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குக் கூறவேண்டும் என்றும் விதித்தது. ஆனால் மிக அரிய ஆபத்துகளைக் கூறி நோயாளியை மிரட்ட வேண்டியதில்லை என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது.

ஆகவே நூறாயிரத்தில் ஒருவர்க்கு நேரும் வாயு அடைப்பைப் பற்றி மருத்துவர் தாமாகச் சொல்லாமல் இருப்பது குற்றமன்று. ஆனால் கேட்பவர்க்கு விடை கிடைக்கும். கேட்கவேண்டியவை மூன்றே: வயிற்றுக்குள் செலுத்தும் வாயு எது? மயக்க மருந்துக்குத் தனி மருத்துவர் அறுவை முடியும்வரை அருகிருப்பாரா? மூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவி அறுவைக்கூடத்தில் உண்டா? மொழி தெரியாதவர், தெரிந்த ஓர் அண்டை வீட்டாரை உடனழைத்துச் சென்றால் போதும். நல்ல மருத்துவர் எவரும் இவ்வினாக்களால் சினங்கொள்ளார். அவர்தம் ஆசிரியர்கள் அவர்க்குக் கற்பித்தவையே இவை.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நால்வகைக் கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுத்தார். துளைவழி அறுவையின் வரலாற்றில் மருத்துவன் புகழ்பெற்றான், கருவியும் புகழ்பெற்றது. ஆனால் வாயு கூற்றாகாமல் காப்பது, தலைமாட்டில் நின்று மூச்சின் கோட்டை இமையாது நோக்கிக்கொண்டிருக்கும் அந்த நான்காமவரின் விழிப்பேயாகும். அந்த இடம் வெறுமையாக விடப்படாதிருக்கிறதா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. அவர்தம் சுற்றத்தாரின் கடமை.